பறவைகளைத் தேடிய திரையரங்கு அதிபர்

சிராங்கூன் என்றதும் நம் வீடுகளில் நினைவுக்கு வருவது தேக்கா சந்தை, பூக்கடைகள், வீரமாகாளியம்மன் கோயில், தீபாவளி ஒளியூட்டு. அந்தப் பெயருக்குள் ஒரு பறவை ஒளிந்திருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சிராங்கூன் ஆற்றை ஒட்டிய சதுப்புகளில் முன்பு வாழ்ந்த, நாரையைப் போல நீண்ட காலும் நீண்ட அலகும் கொண்ட ஒரு பறவையை மலாய்க்காரர்கள் ‘ரங்கோங்’ என்று அழைத்தார்கள். அதிலிருந்துதான் சிராங்கூன் என்ற பெயர் வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

அந்த ஆற்றின் கீழ்ப்பகுதி இன்று சிராங்கூன் நீர்த்தேக்கமாக இருக்கிறது. அதன் கிழக்குக் கரையில் லோரோங் ஹாலுஸ் ஈரநிலம் உள்ளது. 1970 முதல் 1999 வரை சிங்கப்பூரின் குப்பை கொட்டப்பட்ட இடம் அது. குப்பை மேட்டிலிருந்து கசியும் அழுக்கு நீர் நீர்த்தேக்கத்தில் கலந்துவிடாமல் தடுத்து, நாணலும் சம்பும் வளர்ந்த பாத்திகள் வழியாகச் செலுத்தித் தூய்மைப்படுத்துகிறார்கள். 2011ல் மக்களுக்குத் திறக்கப்பட்ட அந்த இடத்தில், பொங்கோலிலிருந்து சிவப்புப் பாலத்தைக் கடந்து ஒரு பிற்பகல் நடந்தால் மீன்கொத்தியையும் கொக்கையும் பார்க்கலாம். தொலைநோக்கியோடு அசையாமல் நிற்கும் சிலரையும் பார்க்கலாம்.

அவர்களைப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழக்கூடும். தேர்வு, இணைப்பாட நடவடிக்கை, பகுதிநேர வேலை என்று ஓடிக்கொண்டிருக்கும் வயதில், ஒரு பறவை தலையைத் திருப்புவதற்காக அரைமணி நேரம் காத்திருப்பதால் என்ன பயன்?

அந்தக் கேள்வியோடு ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பார்ப்போம். அவர் சிங்கப்பூரின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். கேத்தே திரையரங்குகளின் அதிபர். நினைத்த இடத்துக்குப் போகவும் நினைத்ததை வாங்கவும் அவரால் முடியும். ஆனாலும் கிடைத்த நேரத்தையெல்லாம் அவர் பறவைகளுக்காகக் காத்திருப்பதில் செலவிட்டார். அவர் பெயர் லோக் வான் தோ.

நோஞ்சான் பிள்ளை

லோக் வான் தோ 1915ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் தேதி கோலாலம்பூரில் பிறந்தார். தந்தை லோக் யூ, சீனாவிலிருந்து 13 வயதில் கையில் காசில்லாமல் சிங்கப்பூருக்கு வந்தவர். ஒரு கடையில் வேலை பார்த்துச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்துடன் தொழிலில் இறங்கி, பின்னர் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் பெரும்பொருள் ஈட்டினார். கோலாலம்பூரின் வளர்ச்சியில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் மகனுக்குத் தந்தையைப் பற்றிய நினைவே இருந்திருக்க முடியாது. வான் தோவுக்கு இரண்டு வயது நிரம்பும் முன்பே, 1917ல் லோக் யூ காலமானார். பிள்ளையை வளர்க்கும் பொறுப்பும் சொத்தைக் காக்கும் பொறுப்பும் தாயார் லிம் செங் கிம்மிடம் வந்தன.

சிறுவன் அடிக்கடி நோய்வாய்ப்பட்டான். கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தவனை, உடல்நலம் தேறட்டும் என்று தாயார் சுவிட்சர்லாந்துக்கு அழைத்துச் சென்றார். ஜெனிவா ஏரிக்கரையில் உள்ள மோந்த்ரோ நகரில் அவன் படிப்பு தொடர்ந்தது. மலைக்காற்று அவனுக்கு ஒத்துக்கொண்டது. நோஞ்சானாக வந்த பிள்ளை, 1932ல் அந்த வட்டாரமான வோ மாநிலத்தின் நீளந்தாண்டும் போட்டியில் வெற்றியாளராக வந்தான்.

அதன்பின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிங்ஸ் கல்லூரியில் ஆங்கில இலக்கியமும் வரலாறும் படித்தார். லண்டன் பொருளியல் கல்லூரியிலும் சிறிது காலம் பயின்றார். வணிகக் குடும்பத்து வாரிசு இலக்கியம் படித்தது அந்தக் காலத்தில் பலருக்கு வியப்பாக இருந்திருக்கலாம்.

கேத்தே எழுந்தது

மகன் வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்தபோதே தாயார் திரையரங்குத் தொழிலில் கால் வைத்திருந்தார். சிங்கப்பூரின் டோபி காட் அருகே, ஹேண்டி சாலையில் ஒரு மாபெரும் கட்டடம் எழுந்தது. அதிலிருந்த கேத்தே திரையரங்கு 1939ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் தேதி திறக்கப்பட்டது. குளிரூட்டப்பட்ட அந்த அரங்கில் சொகுசு இருக்கையில் அமர்ந்து படம் பார்ப்பது அன்றைய சிங்கப்பூரர்களுக்குப் புது அனுபவம். பணிகள் முழுமையாக முடிந்தபோது கேத்தே கட்டடம் தென்கிழக்காசியாவிலேயே உயரமான கட்டடங்களில் ஒன்றாக நின்றது. இன்றும் டோபி காட் வழியாகப் போகிறவர்கள் அதன் பழைய முகப்பைக் காணலாம்.

படிப்பை முடித்துத் திரும்பிய லோக், 24, 25 வயதில் இந்த நிறுவனத்தின் பொறுப்பை ஏற்கத் தொடங்கினார். எதிர்காலம் தெளிவாக இருந்தது. ஆனால் அதற்குள் போர் வந்துவிட்டது.

கண்களை இழக்க இருந்தவர்

1942 பிப்ரவரி. ஜப்பானியப் படை ஜொகூர் வரை வந்துவிட்டது. துறைமுகத்தில் கிடைத்த கப்பலில் ஏறி மக்கள் தப்பி ஓடினார்கள். லோக் ஏறிய கப்பலின் பெயர் ‘நோரா மோலர்’. சுமாத்ராவுக்கு அருகே பங்கா நீரிணையில் ஜப்பானிய விமானங்கள் அதன்மீது குண்டு வீசின. கப்பல் தீப்பற்றி மூழ்கியது. பலர் மாண்டனர்.

லோக் உயிர் பிழைத்தார். ஆஸ்திரேலியப் போர்க்கப்பலான ‘ஹோபார்ட்’ அவரையும் மற்றவர்களையும் மீட்டது. ஆனால் அவர் உடலில் கடுமையான தீக்காயங்கள். பார்வையும் போயிருந்தது. இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தேவியாவில் மருத்துவமனையில் கிடந்தார். பார்வை மெல்லத் திரும்பியது. அங்கிருந்து அவர் இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. கேத்தே கட்டடம் ஜப்பானியரின் பிரசாரப் பிரிவின் கைக்குப் போனது. சொத்து, தொழில், ஊர் எல்லாம் எட்டாத தூரத்தில். கோடீஸ்வரக் குடும்பத்துப் பிள்ளை, 27 வயதை நெருங்கும்போது, வேற்று நாட்டில் ஓர் அகதி.

பம்பாயில் கிடைத்த ஆசான்

பம்பாயில் அவருக்கு ஒரு மனிதரின் அறிமுகம் கிடைத்தது. அவர்தான் இந்தியப் பறவையியலின் முன்னோடியான சலீம் அலி.

1896ல் பிறந்த சலீம் அலி, லோக்கைவிட 19 வயது மூத்தவர். இருவரின் வாழ்க்கையிலும் ஓர் ஒற்றுமை உண்டு. சலீம் அலியும் பச்சிளம் வயதிலேயே தந்தையை இழந்தவர். அடுத்து தாயையும் இழந்து மாமா வீட்டில் வளர்ந்தவர். சிறுவயதில் தாம் சுட்டு வீழ்த்திய ஒரு சிட்டின் தொண்டையில் மஞ்சள் நிறத்தைக் கண்டு, அது என்ன பறவை என்று தெரிந்துகொள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். அந்த ஒரு கேள்விதான் அவருடைய வாழ்க்கையின் திசையை முடிவு செய்தது.

ஆனால் பறவை ஆய்வு அவருக்குச் சோறு போடவில்லை. பர்மாவில் குடும்பத்தின் சுரங்கத் தொழிலைக் கவனித்துப் பார்த்தார், அது நிலைக்கவில்லை. அருங்காட்சியகத்தில் விளக்கவுரையாளர் வேலை கிடைத்தது; அதுவும் நீடிக்கவில்லை. ஜெர்மனியின் பெர்லினில் பறவையியல் பயின்று திரும்பியவருக்கு இந்தியாவில் பொருத்தமான வேலை எதுவும் இல்லை. சமஸ்தானங்களின் ஆதரவோடு ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி என்று ஊர் ஊராகச் சென்று பறவைகளைக் கணக்கெடுத்தார். 1939ல் அவருடைய மனைவி தெஹ்மினா காலமானார். 1941ல் அவர் எழுதிய இந்தியப் பறவைகள் குறித்த கையேடு வெளிவந்தது. அதன் பிறகு சில மாதங்களிலேயே லோக் இந்தியாவுக்கு வந்தார்.

ஒருவர் துணையை இழந்தவர். மற்றவர் ஊரை இழந்தவர். ஒருவர் பம்பாய் முஸ்லிம். மற்றவர் மலாயாச் சீனர். இருவரையும் இணைத்தது பறவை. சலீம் அலியோடு வெளியே சுற்றத் தொடங்கிய லோக், பறவைகளைப் பார்ப்பதையும் படம் பிடிப்பதையும் தம் வாழ்நாள் ஈடுபாடாக்கிக் கொண்டார்.

சலீம் அலியோடு பறவை பார்ப்பது சுற்றுலாப் போவதைப் போன்றதன்று. விடியும் முன் எழ வேண்டும். பறவையின் பெயரைக் கண்டுபிடித்தவுடன் வேலை முடிந்துவிடாது. அது எதைத் தின்கிறது, எந்த மரத்தில் கூடு கட்டுகிறது, எந்த மாதத்தில் வருகிறது, எத்தனை இருந்தன என்று குறித்துக்கொள்ள வேண்டும். செத்த பறவைகளைப் பெட்டியில் அடுக்கி வைத்து அளப்பதே பறவையியல் என்று பலர் எண்ணியிருந்த காலத்தில், உயிருள்ள பறவை என்ன செய்கிறது என்பதை அதன் இடத்திலேயே போய்ப் பார்க்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். தூக்கணாங்குருவியின் குடும்ப வாழ்க்கையை அப்படிக் கவனித்துத்தான் அவர் பெயர் பெற்றார்.

சில மாதங்களுக்கு முன் பார்வையை இழக்க இருந்த ஓர் இளைஞருக்கு, பார்ப்பதற்கு இப்படி ஒரு பயிற்சி கிடைத்தது.

திரும்பி வந்த பிறகு

போர் முடிந்து லோக் சிங்கப்பூருக்குத் திரும்பினார். விட்டுச் சென்ற தொழில் காத்திருந்தது. அவர் அதை முழு மூச்சுடன் வளர்த்தார். மலாயா, சிங்கப்பூர், போர்னியோ என்று கேத்தே திரையரங்குகள் பெருகின. 1953ல் ஹோ ஆ லோக் என்பவருடன் சேர்ந்து கேத்தே-கெரிஸ் படப்பிடிப்பு நிலையத்தைத் தொடங்கினார். ஈஸ்ட் கோஸ்ட் பகுதியில் இருந்த அந்த நிலையத்தில் மலாய்ப் படங்கள் தயாராகின. 1957ல் வெளிவந்து பெரும் வெற்றி பெற்ற ‘பொந்தியானாக்’ பேய்ப்படம் அங்கே உருவானதுதான். அதை இயக்கிய பி. என். ராவ் இந்தியாவிலிருந்து வந்தவர். எல். கிருஷ்ணன் என்ற தமிழரும் அந்த நிலையத்துக்காக மலாய்ப் படங்களை இயக்கியிருக்கிறார். சீன முதலாளி, இந்திய இயக்குநர்கள், மலாய் நடிகர்கள் என்று அமைந்தது அன்றைய சிங்கப்பூரின் திரையுலகம்.

1956ல் ஹாங்காங்கிலும் ஒரு திரைப்பட நிறுவனத்தை நிறுவினார். அங்கு தயாரான சீனப் படங்கள் ஆசியா முழுவதும் ஓடின. மலாயன் ஏர்வேஸ் விமான நிறுவனத்தின் தலைவராகவும் அவர் இருந்தார். இன்றைய சிங்கப்பூர் ஏர்லைன்சின் முன்னோடி அது. 1960ல் ஸ்டாம்ஃபர்ட் சாலையில் தேசிய நூலகம் திறக்கப்பட்ட காலத்தில் நூலக வாரியத்தின் தலைவர் பொறுப்பும் அவரிடம் இருந்தது.

இத்தனை பொறுப்புகளுக்கு நடுவே பறவைகளுக்கு எங்கே நேரம்? அவர் நேரத்தை ஒதுக்கினார். இந்தியாவுக்குத் திரும்பத் திரும்பப் போய் சலீம் அலியுடன் பறவைப் பயணங்களில் கலந்துகொண்டார். அவருடைய முதல் மனைவி கிறிஸ்டினாவும் சிறந்த பறவைப் புகைப்படக் கலைஞர். அன்று தென்கிழக்காசியாவுக்கான பிரிட்டிஷ் தலைமை ஆணையராக இருந்து, பின்னர் இந்தியாவில் தூதராகப் பணியாற்றிய மால்கம் மெக்டோனல்ட் தம் தோட்டத்துப் பறவைகளைப் பற்றி எழுதிய நூலுக்குப் படங்கள் தந்தவர் கிறிஸ்டினா. அதே மெக்டோனல்ட் எழுதிய அங்கோர் கோயில்கள் பற்றிய நூலுக்குப் படங்கள் எடுத்தவர் லோக்.

ஒரு படத்துக்கு எத்தனை நாள்

இன்று கைத்தொலைபேசியை உயர்த்தினால் நொடிக்குப் பத்துப் படம் எடுக்கலாம். நன்றாக வராதவற்றை அழித்துவிடலாம். 1940களிலும் 50களிலும் நிலைமை வேறு. கேமராக்கள் கனமானவை. தூரத்துப் பறவையை அருகில் இழுத்துக் காட்டும் ஆற்றல்மிக்க வில்லைகள் அரிது. நிழல் நிறைந்த காட்டில் படம் எடுக்கப் பிரகாச விளக்குக் கருவியையும் சுமந்து செல்ல வேண்டும். படம் எப்படி வந்திருக்கிறது என்பது இருட்டறையில் கழுவிய பிறகுதான் தெரியும்.

பறவையை அருகில் கொண்டுவர முடியாது என்பதால் மனிதர்தான் அருகில் போக வேண்டியிருந்தது. அதற்காகத் துணியாலும் இலைதழையாலும் சிறு மறைவிடம் அமைப்பார்கள். அதை ஒரே நாளில் பறவைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் அது பயந்து கூட்டையே கைவிட்டுவிடும். எனவே முதலில் தள்ளி வைத்து, பறவை பழகப் பழக நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவார்கள். பிறகு அந்தப் புழுக்கத்தில், கொசுக்கடியில், மணிக்கணக்காக உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். இருமக்கூடாது, அசையக்கூடாது.

குளிரூட்டப்பட்ட அரங்கை ஊருக்கு அறிமுகப்படுத்திய குடும்பத்தின் தலைவர் செய்த வேலை இது. அந்த மறைவிடத்துக்குள் அவருடைய செல்வம் எதுவும் செல்லுபடியாகாது. நல்ல கேமரா வாங்கப் பணம் உதவும். பறவை வரும் நேரத்தைப் பணத்தால் மாற்ற முடியாது.

அப்படிச் சேர்ந்த அனுபவங்களையும் படங்களையும் தொகுத்து 1957ல் பறவைகளைப் பற்றி அவர் ஒரு நூல் வெளியிட்டார். ‘எ கம்பெனி ஆஃப் பேர்ட்ஸ்’ என்பது அதன் பெயர்.

அன்றைய முறைகள் எல்லாம் இன்றைக்குப் பொருந்தமாட்டா என்பதையும் சொல்லியாக வேண்டும். கூட்டுக்கு மிக அருகில் சென்று படம் எடுப்பதை இன்றைய பறவை ஆர்வலர்கள் தவிர்க்கச் சொல்கிறார்கள். தாய்ப்பறவை விலகும் சில நிமிடங்களில் முட்டையோ குஞ்சோ வெயிலுக்கும் எதிரிக்கும் இரையாகிவிடலாம். தூரத்திலிருந்தே படம் எடுக்கும் வசதி இப்போது இருக்கிறது. அந்தக் காலத்தவரின் கருவிகளை நாம் விட்டுவிடலாம்; பொறுமையை எடுத்துக்கொள்ளலாம்.

கொடுத்தது வெளியே தெரியாத உதவி

லோக் தம் ஆசானை மறக்கவில்லை. நிலையான வருமானம் இல்லாமல் ஆய்வு செய்துகொண்டிருந்த சலீம் அலிக்கும், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கும் தொடர்ந்து பொருளுதவி செய்தார். அந்தக் கழகத்தில் பறவை ஆய்வுக்கான ஒரு நிதி இவ்விருவர் பெயரையும் சேர்த்துத் தாங்கி நிற்கிறது.

சலீம் அலியும் அமெரிக்கப் பறவையியலாளர் டில்லன் ரிப்ளியும் சேர்ந்து எழுதிய இந்திய, பாகிஸ்தான் பறவைக் கையேடு பத்துத் தொகுதிகளாக 1968 முதல் 1974 வரை வெளிவந்தது. இந்தியத் துணைக்கண்டத்தின் பறவைகளைப் படிப்போர் அந்த நூலைத் தொடாமல் போக முடியாது. ஆனால் அதன் முதல் தொகுதியைக்கூடப் பார்க்க லோக் உயிரோடு இல்லை.

கடைசிப் பயணம்

1964 ஜூனில் தைவானில் ஆசியத் திரைப்பட விழா நடைபெற்றது. லோக் தம் மனைவி மேவிஸுடனும் நிறுவனத்தின் முக்கிய அதிகாரிகளுடனும் அதில் கலந்துகொண்டார். ஜூன் 14ஆம் தேதி அவருக்கு 49 வயது நிறைந்தது. ஆறு நாள் கழித்து, ஜூன் 20ஆம் தேதி, தைச்சுங்கிலிருந்து தைப்பேக்குப் புறப்பட்ட விமானத்தில் அவர்கள் ஏறினார்கள். கிளம்பிய சில நிமிடங்களில் விமானம் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த 57 பேரும் மாண்டனர்.

கப்பல் தீயிலிருந்து தப்பியவர், 22 ஆண்டுகள் கழித்து வானத்திலிருந்து விழுந்து இறந்தார். கேத்தேயின் திரைப்படத் தயாரிப்பு அந்த இழப்பிலிருந்து மீளவில்லை. சில ஆண்டுகளில் ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் அதன் படப்பிடிப்பு நிலையங்கள் மூடப்பட்டன.

சலீம் அலி அதன்பின் 23 ஆண்டுகள் வாழ்ந்தார். 1985ல் வெளியான தன்வரலாற்று நூலில் இந்தச் சிங்கப்பூர் நண்பரை அன்புடன் நினைவுகூர்ந்தார். 1987ல், 90 வயதில் அவரும் மறைந்தார்.

குறித்து வைத்தவர்களின் வெற்றி

லோக் வாழ்ந்த காலத்தில் சதுப்புநிலம் என்றால் கொசு வளரும் வீண் நிலம் என்பதே பொதுவான எண்ணம். வீடும் தொழிற்சாலையும் வேலையும் அவசரமாகத் தேவைப்பட்ட சிறு தீவில், அதைத் தூர்த்து நிலமாக்குவது இயல்பான முடிவாகத் தோன்றியது. சிராங்கூன் கழிமுகமும் அப்படித்தான் மாறியது. லோக் எடுத்த அழகான படங்கள் எந்தச் சதுப்பையும் தனியாக நின்று காப்பாற்றவில்லை.

காப்பாற்றியது எது? அதற்கு விடை தீவின் வடமேற்கு மூலையில் உள்ள சுங்கை பூலோவில் இருக்கிறது. 1986ல் பறவை ஆர்வலர்கள் சிலர், கைவிடப்பட்ட இறால் பண்ணைகள் இருந்த அந்தப் பகுதியில் ஏராளமான வலசைப் பறவைகள் இறங்குவதைக் கவனித்தார்கள். பார்த்து ரசித்துவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை. எந்தெந்தப் பறவை, எத்தனை, எந்த மாதத்தில் என்று கணக்கெடுத்தார்கள். அன்றைய மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளை, அந்தத் தகவல்களோடு அரசாங்கத்திடம் ஒரு திட்டத்தை முன்வைத்தது. அரசாங்கம் செவிசாய்த்தது. 1993 டிசம்பர் 6ஆம் தேதி, அன்றைய பிரதமர் கோ சோக் டோங் அங்கு இயற்கைப் பூங்காவைத் திறந்துவைத்தார். 2002ல் அது சட்டப் பாதுகாப்புள்ள ஈரநிலக் காப்பகமாக உயர்ந்தது.

அந்த ஆர்வலர்கள் செய்தது, சலீம் அலி வாழ்நாளெல்லாம் செய்ததும், லோக் பம்பாயில் அவரோடு சேர்ந்து பழகியதும்தான். பொறுமையாகப் பார்த்தார்கள், பார்த்ததை எழுதி வைத்தார்கள். பறவை அழகாக இருக்கிறது என்பது ஒருவரின் கருத்து. இத்தனை பறவைகள் இத்தனை மாதம் இங்கே தங்குகின்றன என்பது சான்று. நிலத்தின் தலைவிதியை முடிவு செய்யும் மேசையில் சான்றுக்குத்தான் இடம் கிடைக்கிறது.

நீங்களும் ஒரு பிற்பகல்

செப்டம்பரிலிருந்து மார்ச் வரை சுங்கை பூலோவுக்குப் போய்ப் பாருங்கள். சைபீரியாவிலும் வடசீனாவிலும் கோடையைக் கழித்த கரையோரப் பறவைகள் குளிருக்குத் தப்பித் தெற்கே வருகின்றன. கிழக்காசிய - ஆஸ்திரேலிய வான்வழியில் பறக்கும் அவற்றில் சில இங்கேயே தங்கும். சில இளைப்பாறி, இரை தின்று, ஆஸ்திரேலியா வரை போகும். நடுவில் உள்ள ஒரு சதுப்பு மறைந்தாலும், வழியில் சோற்றுக்கடை மூடப்பட்ட பயணியின் நிலைதான் அவற்றுக்கு.

போவதற்கு முன் கடலின் ஏற்றவற்ற நேரத்தைப் பாருங்கள். நீர் வற்றியிருக்கும்போது பறவைகள் வெளியே சேற்றுத்திட்டுகளில் பரவலாக மேயும். நீர் ஏறி, சேறு மூழ்கியதும் காப்பகத்தின் குளங்களுக்குள் கூட்டமாக வந்து ஒதுங்கும். அப்போது மரத்தாலான பார்வைக் குடிலில் அமர்ந்தால் உள்ளான்களையும் உப்புக்கொத்திகளையும் நிதானமாகப் பார்க்கலாம். சிவந்த கால் உள்ளது எது, அலகு கீழ்நோக்கி வளைந்தது எது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு சிறு நோட்டுப்புத்தகத்தில் தேதி, நேரம், இடம், பறவை, எண்ணிக்கை ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் அலகையும் வரைந்து வையுங்கள். உங்கள் தாத்தா பாட்டியிடம் அந்தப் பறவைக்குத் தமிழில் என்ன பெயர் என்று கேளுங்கள். ஊரில் வயல் வரப்பில் பார்த்த நினைவு அவர்களுக்கு இருக்கலாம்.

அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் லோரோங் ஹாலுஸ் போதும். குப்பை மேடாக இருந்த இடத்தில் நாணல் வளர்ந்ததும் பறவைகள் வந்துவிட்டன. ஊருக்குப் பெயர் தந்த பறவை போய்விட்டது. ஆனால் சிராங்கூன் கரையில் இன்னும் கொக்கு நிற்கிறது. அதை எண்ணி எழுத ஆள் வேண்டும்.

அரைமணி நேரம் காத்திருப்பதால் என்ன பயன் என்று தொடக்கத்தில் கேட்டோம். லோக் வான் தோ நிறுவிய படப்பிடிப்பு நிலையங்கள் இன்று இல்லை. அவர் தலைமை தாங்கிய விமான நிறுவனம் வேறு பெயர்களில் வளர்ந்துவிட்டது. அவர் காலத்துத் தேசிய நூலகக் கட்டடமும் இடிக்கப்பட்டுவிட்டது. அவர் காத்திருந்து எடுத்த பறவைப் படங்களும், அவர் பெயர் தாங்கிய பறவை ஆய்வு நிதியும் நிற்கின்றன. பார்வை திரும்பக் கிடைத்த ஒரு மனிதர் அதை எதற்குப் பயன்படுத்தினார் என்பதற்கு அவையே சாட்சி.